காய்ச்சல் இல்லையே என்று காத்திருந்தோம்

சிம்பாங் அம்பாட்டில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி அத்தை வீடு. சென்ற ஆண்டு மூளைக்கட்டி அறுவைச் சிகிச்சை முடிந்து அத்தை வீடு திரும்பியதும், சொந்தபந்தங்கள் பழங்களோடு வந்து குவிந்தார்கள். வந்த பிள்ளைகளில் ஒன்றுக்கு இருமல். கட்டி தலையில்தானே, நெஞ்சுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நானும்தான் நினைத்தேன். பத்தாம் நாள் அத்தைக்கு மூச்சு வாங்கியது. காய்ச்சல் இல்லாததால் மேலும் இரண்டு நாள் பொறுத்தோம். பாலம் கடந்து தீவுக்குக் கொண்டுபோனபோது நிமோனியா என்றார்கள்.

உயிர்மருத்துவ அறிவியல் படிக்கும் எனக்கு வெட்கமாகிவிட்டது. அதன்பிறகுதான் தேடிப் படித்தேன்.

அத்தைக்கு வந்தது கிளையோபிளாஸ்டோமா. மூளைக்கட்டிகளில் மிகக் கொடியது. நோய்க்கிருமிகளோடு போராடும் டி செல்கள் இந்த நோயாளிகளின் இரத்தத்தில் குறைந்திருக்கும். மருந்துகள்தான் காரணம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் 2018இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபெச்சி குழுவினர், சிகிச்சை தொடங்காத நோயாளிகளிடமும் அதே குறைவைக் கண்டனர். அந்தச் செல்கள் எலும்பு மஜ்ஜைக்குள் அடைபட்டுக் கிடந்தன! அங்கிருந்து இரத்தத்துக்கு வெளியேற, செல்லின் மேற்பரப்பில் எஸ்1பி1 என்ற புரதம் வேண்டும். கட்டி இருக்கும்போது அது மேற்பரப்பிலிருந்து மறைந்துவிடுகிறது. சாவியைத் தொலைத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்ட கதைதான். எலிகளின் மூளைக்குள் மார்பக, நுரையீரல் புற்றுச் செல்களை வைத்தாலும் இதுவே நடந்தது. தோலுக்கடியில் வைத்தபோது நடக்கவில்லை. ஆக, எந்தக் கட்டி என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதே முக்கியம்.

இதற்கு மேல் சிகிச்சையும் சேர்கிறது. கதிர்வீச்சோடு கொடுக்கப்படும் தெமோசோலோமைட் மாத்திரை வெள்ளணுக்களைக் குறைக்கும். நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை நுரையீரலைத் தாக்காமலிருக்க அப்போது தடுப்பு மருந்தும் தருவார்கள். மூளை வீக்கத்துக்கான டெக்சாமெத்தசோன் எதிர்ப்பாற்றலை அடக்குவதோடு, காய்ச்சலையும் மறைத்துவிடும். நாங்கள் ஏமாந்தது அங்கேதான். (பயந்துபோய் அந்த மாத்திரையை நாமாக நிறுத்திவிடக் கூடாது, திடீரென நிறுத்துவதும் ஆபத்து.)

அத்தை நிமோனியாவிலிருந்து தேறி, கதிர்வீச்சுக்குப் போய் வருகிறார். வாசலில் நானே ஓர் அட்டை எழுதி மாட்டினேன்: ‘இருமல், சளி இருப்பவர்கள் தொலைபேசியில் நலம் விசாரிக்கவும்.’ தமிழில் ஒன்று, மலாயில் ஒன்று. அதைப் படித்துவிட்டு ஒரு மாமா கோபித்துக்கொண்டு கேட்டோடு திரும்பிவிட்டார். பரவாயில்லை, அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் போனார்.