ஊசி போட்டால் பருவம் வருமா?

மற்றவர்கள் கம்ப்யூட்டர், கான்கிரீட் என்று எழுதுவார்கள். நான் பன்றியைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், ஹாஸ்டலில் என் பட்டப்பெயரே அதுதான். எங்கள் வீட்டில் நாலு தாய்ப்பன்றிகள் உண்டு. என் பரீட்சை ஃபீஸ் அந்தக் கொட்டிலில் இருந்துதான் வருகிறது.

பன்றியின் சினைக்காலம் சுமார் 114 நாள். மூணு மாசம், மூணு வாரம், மூணு நாள் என்று நினைவில் வைக்கலாம். குட்டி மடியை முட்டிப் பால் குடிக்கும்வரை, மூளையிலிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்குப் போகும் ஹார்மோன் உத்தரவு அடங்கிக் கிடக்கும். அதனால் சூலகத்தில் முட்டைகள் முற்றுவதில்லை. குட்டிகளைப் பிரித்ததும் தடை நீங்கி, பெரும்பாலும் 4 முதல் 7 நாளில் தாய் பருவத்துக்கு வந்துவிடும். தலையீத்துப் பன்றியும், பால் கொடுத்து இளைத்ததும், கோடை வெயிலில் தீனி எடுக்காததும் தாமதம் பண்ணும். சும்மா நிற்கிற ஒவ்வொரு நாளும் தீனிச் செலவுதான்.

இங்கேதான் ஹார்மோன் ஊசி வருகிறது. அதற்கு இரண்டு வேலை உண்டு. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

முதல் வேலை, முட்டைகளை வளரத் தூண்டுவது. இதற்குப் பயன்படுவது பி.எம்.எஸ்.ஜி. சினைக்குதிரையின் ரத்தத்தில் இது இருப்பதை 1930-ல் அமெரிக்காவில் கோல், ஹார்ட் என்ற இருவர் அறிவித்தார்கள். (அதற்காகக் குதிரைகளின் ரத்தத்தை எடுப்பதைப் பலர் கண்டிக்கிறார்கள். எனக்கும் உறுத்தல்தான்.) இதில் 400 யூனிட்டும் ஹெச்.சி.ஜி. 200 யூனிட்டும் சேர்ந்த ஊசியைக் குட்டி பிரித்த அன்றே போடுவார்கள்.

இரண்டாவது வேலை, முற்றிய முட்டை வெளிவரும் நேரத்தைக் கட்டுப்படுத்துவது. பருவம் ஒரு பன்றிக்கு ஒரு நாள், இன்னொன்றுக்கு மூன்று நாள் என்று நிற்கும். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நேரம் கடந்தபின் முட்டை வரும். அது எப்போது என்று வெளியில் தெரியாததால் சினை ஊசியை இரண்டு மூன்று தடவை போட வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் 2012-ல் டிரிப்டோரெலின் என்ற மருந்தைக் களிம்பாக அனுமதித்தார்கள். குட்டி பிரித்து 96 மணி நேரத்தில் அதைப் பிறப்புறுப்பில் வைத்து, அடுத்த நாள் ஒரே ஒரு சினை ஊசி. பெரிய பண்ணைகளுக்கு இதனால் லாபம்: ஒரே வாரத்தில் பல தாய்கள் ஈனும், குட்டி அதிகமுள்ள தாயிடமிருந்து குறைவான தாயிடம் மாற்றி விடலாம்.

நம் வீட்டுக் கொட்டில் கதை வேறு. போன மே மாதம் எங்கள் தலையீத்துப் பன்றி, குட்டி பிரித்து 12 நாளாகியும் பருவத்துக்கு வரவில்லை. "வித்துரலாம்டா" என்றார் அப்பா. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் ஊசி வாங்கித் தருகிறேன் என்றார். நானும் படிச்ச தோரணையில் "போட்டுப் பாப்பம்ப்பா" என்றேன். டாக்டர் வந்து ஒரே கேள்விதான் கேட்டார்: "தினமும் முதுகை அழுத்திப் பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை.

பருவம் வந்த பன்றி, ஆண் பன்றி எதிரே நிற்க முதுகை அழுத்தினால் அசையாமல் நிற்கும். பார்க்காவிட்டால் பருவம் வந்துபோனதே தெரியாது. வந்துபோயிருந்தால் முட்டை வெளிவந்த இடத்தில் புரோஜெஸ்டிரோன் சுரந்து, அடுத்த பருவத்தை அமுக்கி வைத்திருக்கும். அந்த நேரத்தில் முட்டையைத் தூண்டும் ஊசி போட்டும் பருவம் வராது, காசுதான் போகும். "இன்னும் ரெண்டு வாரம் பாருங்க, தீனியைக் கூட்டுங்க" என்று சொல்லிவிட்டு ஊசி போடாமலே டாக்டர் போய்விட்டார்.

26-ஆம் நாள் அது அசையாமல் நின்றது. பருவச் சுழற்சி 21 நாள். கழித்துப் பாருங்கள், 5-ஆம் நாளே வந்துபோயிருக்கிறது! விற்றிருந்தால் நல்ல பன்றியை விற்றிருப்போம்.

அப்பாவுக்கு எழுத வராது. இப்போது குட்டி பிரித்த நாளிலிருந்து கொட்டில் சுவரில் கரியால் நாளுக்கு ஒரு கோடு போடுகிறார். லீவில் போகும்போது எண்ணிப் பார்ப்பது என் வேலை.