மென்பொருள் பயனர் குழுக்களும் இணைய உதவி மன்றங்களும்

கணினியைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் ஏதோவொரு நாளில் விடை தெரியாத சிக்கல் ஒன்றை எதிர்கொள்வர். அச்சுப்பொறி இயங்காது, விரிதாளில் கூட்டுத்தொகை பிழையாக வரும், எழுதிய செய்நிரல் வழுச் செய்தி ஒன்றைக் காட்டி நின்றுவிடும். பாடசாலையில் ஆசிரியரிடம் கேட்கலாம். ஆனால் விடுமுறை நாளில் என்ன செய்வீர்கள்? அருகில் கணினி அறிந்தவர் எவரும் இல்லாத ஊரில் யாரிடம் கேட்பீர்கள்? இந்த வினாவுக்கு விடையாக அமைவனவே பயனர் குழுக்களும் உதவி மன்றங்களும் ஆகும்.

1. பயனர் குழு என்றால் என்ன?

ஒரே மென்பொருளை அல்லது ஒரே வகைக் கணினியைப் பயன்படுத்துவோர், தமது அறிவையும் அனுபவத்தையும் பகிர்ந்துகொள்வதற்காக ஒன்றுசேர்ந்து அமைக்கும் குழு பயனர் குழு எனப்படும். ஒரு நகரத்திலோ பல்கலைக்கழகத்திலோ நேரில் கூடுவது உள்ளூர்ப் பயனர் குழு ஆகும். இணையத்தினூடாக வினாக்களை எழுதி விடைகளைப் பெறும் இடம் உதவி மன்றம் ஆகும்.

பணம் கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கு, அதனைத் தயாரித்த நிறுவனமே பெரும்பாலும் உதவிச் சேவையை வழங்கும். திறந்த மூல மென்பொருளை இலவசமாகப் பெற்றுப் பயன்படுத்துவோர் பெரும்பாலும் சக பயனர்களின் உதவியிலேயே தங்கியுள்ளனர். அங்கு விடையளிப்போரிற் பலர் சம்பளம் பெறாத தொண்டர்கள் என்பதை எப்போதும் நினைவில் வைத்திருங்கள்.

2. தோற்றமும் வளர்ச்சியும்

பயனர் குழுக்கள் இணையத்துக்கு முற்பட்டவை. 1955ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில், ஐ.பீ.எம். 704 கணினியைப் பயன்படுத்த இருந்த நிறுவனங்கள் சேர்ந்து "ஷேர்" என்னும் குழுவை ஆரம்பித்தன. அப்பெயரின் பொருள் "பகிர்" என்பதாகும். அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தேவையான செய்நிரல்களைத் தானே எழுதவேண்டியிருந்தது. ஒரே வேலையை ஒவ்வொருவரும் தனித்தனியாகச் செய்வது வீண் என்பதை உணர்ந்தே அவர்கள் ஒன்றுகூடினர்.

1975 மார்ச் 5ஆம் திகதி கலிபோர்னியாவின் மென்லோ பார்க் நகரில், ஒரு வீட்டின் வாகனக் கொட்டகையில் ஹோம்ப்ரூ கணினிக் கழகம் முதன்முறையாகக் கூடியது. அங்கு வந்தவர்களுள் ஸ்டீவ் வொஸ்னியாக்கும் ஒருவர். பின்னர் "அப்பிள் 1" என அறியப்பட்ட கணினியின் வடிவமைப்பை அவர் அக்கழக உறுப்பினர்களுடன் பகிர்ந்துகொண்டார்.

1979இல் ஐக்கிய அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டொம் ட்ரஸ்கொட், ஜிம் எலிஸ் ஆகியோர் யூஸ்நெட் என்னும் முறைமையைத் திட்டமிட்டனர். 1980இல் அது இயங்கத் தொடங்கியது. இதனால் வெவ்வேறு ஊர்களில் இருந்தோர் ஒரே விடயத்தைப் பற்றி எழுத்தில் உரையாட முடிந்தது. 1991 ஓகஸ்ட் 25ஆம் திகதி, பின்லாந்தின் ஹெல்சிங்கியில் கற்றுக்கொண்டிருந்த 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், யூஸ்நெட்டில் மினிக்ஸ் பயனர்களுக்கான பகுதியில் ஒரு குறிப்பை எழுதினார். தாம் ஒரு பணிசெயல் முறைமையை ஆக்கிக்கொண்டிருப்பதாகவும், அதில் என்னென்ன வசதிகள் இருக்கவேண்டும் எனப் பயனர்கள் விரும்புகின்றனர் என அறிய விரும்புவதாகவும் அதில் கூறினார். அந்த முறைமையின் கருவே லினக்ஸ். 2017 நவம்பரில் உலகின் முதல் 500 மீக்கணினிகளும் லினக்ஸிலேயே இயங்கின. அன்ரொயிட் தொலைபேசிகளிலும் இருப்பது லினக்ஸ் கருவே ஆகும். சக பயனர்களிடம் கேட்பதைச் சிறுமையாக எண்ணாத ஒரு மாணவரின் முயற்சி எவ்வளவு தூரம் சென்றது என்பதைக் கவனியுங்கள்.

3. இலங்கையில்

எமது நாட்டிலும் லங்கா லினக்ஸ் பயனர் குழு இயங்கியுள்ளது. கணினித் திரையில் சிங்கள எழுத்தைக் காட்டும் எழுத்துரு ஒன்று அக்குழுவின் பெயரிலேயே லினக்ஸ் பயனர்களுக்குக் கிடைக்கிறது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஏற்பட்ட சுனாமியின் பின்னர், காணாமற் போனோர், முகாம்கள், நிவாரணப் பொருட்கள் ஆகியன பற்றிய தரவுகளைப் பதிவதற்காக "சகானா" என்னும் திறந்த மூல மென்பொருளை இலங்கைத் தொண்டர்கள் உருவாக்கினர். 2005இல் பாகிஸ்தானில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின் பின்னரும் அது பயன்படுத்தப்பட்டது. உதவி கேட்கவும் உதவி செய்யவும் பழகியோர் ஆபத்து வேளையில் விரைவாக ஒன்றுசேர முடியும் என்பதற்கு இது சான்றாகும்.

4. உதவி மன்றம் இயங்கும் முறை

2008இல் ஆரம்பிக்கப்பட்ட ஸ்டாக் ஓவர்ப்ளோ, செய்நிரலாக்கம் பற்றிய வினா விடைத் தளங்களுள் மிகவும் அறியப்பட்டதாகும். அங்கு ஒருவர் வினாவை எழுத, ஏனையோர் விடை எழுதுவர். பயனுள்ள விடைக்கு வாசகர்கள் வாக்களிப்பர். தனது சிக்கலைத் தீர்த்த விடை எதுவென வினவியவரே அடையாளமிடலாம். ஏற்கெனவே விடையளிக்கப்பட்ட வினா மீண்டும் கேட்கப்பட்டால், பழைய வினாவைக் காட்டிப் புதியது மூடப்படும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். மன்றத்தில் எழுதப்படும் விடை கேட்டவருக்கு மாத்திரம் உரியதன்று. அதே சிக்கலுடன் நாளை வரப்போகும் பலருக்கும் அது உரியதாகும். ஆகவே தெளிவற்ற வினாவைக் கேட்பவர் தனக்கும் பயன் பெறுவதில்லை. பின்வருவோருக்கும் பயன் தருவதில்லை.

5. நல்ல வினாவை எழுதுதல்

பின்வரும் இரு வினாக்களை ஒப்பிடுக.

வினா அ: "எனது விரிதாள் வேலை செய்யவில்லை. அவசரம். உதவவும்."

வினா ஆ: "விண்டோஸ் 10 கணினியில் லிப்ரே ஒபிஸ் கல்க் பயன்படுத்துகிறேன். வேறொரு கோப்பிலிருந்து பத்து மாணவர்களின் புள்ளிகளைப் பிரதிசெய்து ஒரு நிரலில் ஒட்டினேன். கூட்டல் சார்பு 640 எனக் காட்டவேண்டும். ஆனால் 0 எனக் காட்டுகிறது. வழுச் செய்தி எதுவும் இல்லை. புள்ளிகள் கலங்களின் இடப்பக்கம் ஒட்டி நிற்கின்றன. சார்பின் வீச்சைச் சரிபார்த்துவிட்டேன்."

முதலாவது வினாவுக்கு எவராலும் விடையளிக்க முடியாது. இரண்டாவது வினாவைக் கண்ட அனுபவசாலி உடனே காரணத்தை ஊகிப்பார். எண்கள் வழமையாகக் கலத்தின் வலப்பக்கமும் எழுத்துக்கள் இடப்பக்கமும் ஒழுங்குபடுத்தப்படும். எனவே ஒட்டப்பட்ட புள்ளிகள் எண்களாக அன்றி எழுத்துக்களாகப் பதிவாகியிருக்கலாம். எழுத்தாகப் பதிவான கலங்களைக் கூட்டல் சார்பு கணக்கில் எடுப்பதில்லை. கலங்களின் வடிவமைப்பை எண் என மாற்றி, புள்ளிகளை மீண்டும் தட்டச்சு செய்தால் சரியான கூட்டுத்தொகை கிடைக்கும்.

இடப்பக்கம் ஒட்டி நிற்கின்றன என்ற ஒரு சிறு குறிப்பே இங்கு விடைக்கு வழிகாட்டியது. எனவே நல்ல வினாவில் பின்வருவன அடங்கியிருத்தல் வேண்டும்.

(அ) மென்பொருளின் பெயர், அதன் பதிப்பு, பணிசெயல் முறைமை
(ஆ) நீங்கள் செய்த படிமுறைகள்
(இ) எதிர்பார்த்த விளைவு
(ஈ) உண்மையில் கிடைத்த விளைவு. வழுச் செய்தி இருப்பின் அதன் சொற்கள் மாறாமல்
(உ) தீர்வுக்காக ஏற்கெனவே முயன்றவை

வினாவை அனுப்ப முன்னர், அதே வினா முன்பு கேட்கப்பட்டுள்ளதா எனத் தேடுங்கள். இவ்வாறு ஒழுங்காக எழுதும்போதே சிலவேளைகளில் விடை உங்களுக்கே புலப்பட்டுவிடும்.

"இதுகூடத் தெரியாதா எனச் சிரிப்பார்களோ" என்ற கூச்சம் பல மாணவர்களைத் தடுக்கிறது. முயன்று பார்த்துக் கேட்பவரை அனுபவசாலிகள் மதிப்பர். அதேவேளை, ஒப்படையை முழுமையாக எழுதித் தருமாறு கேட்பது தகாது. எந்த இடத்தில் விளங்கவில்லை என்று கேளுங்கள். பரீட்சை மண்டபத்தில் மன்றம் உங்களுக்குத் துணைவராது.

6. விடையை ஏற்க முன்னர்

மன்றத்தில் உள்ள எல்லா விடைகளும் சரியானவை அல்ல. விடை எழுதப்பட்ட ஆண்டைப் பாருங்கள். பழைய பதிப்புக்கு உரிய தீர்வு புதிய பதிப்புக்குப் பொருந்தாமற் போகலாம். பொருள் விளங்காத கட்டளையை ஒருபோதும் அப்படியே இயக்காதீர்கள். கோப்புகள் அனைத்தையும் அழிக்கும் கட்டளையை விளையாட்டாக எழுதுவோரும் உளர். எதையும் மாற்ற முன்னர் கோப்பின் பிரதியொன்றைச் சேமித்து வையுங்கள்.

இன்று பலர் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடமும் வினாக்களைக் கேட்கின்றனர். அவை உடனே விடை தரும். ஆனால் சரிபோலத் தோன்றும் பிழையான விடைகளையும் அவை தருவதுண்டு. இக்காரணத்தால் 2022 டிசெம்பரில் ஸ்டாக் ஓவர்ப்ளோ அத்தகைய கருவி எழுதிய விடைகளை இடுவதைத் தடைசெய்தது. விடை எங்கிருந்து வந்தாலும் சோதித்துப் பார்ப்பது உங்கள் கடமையாகும்.

7. பாதுகாப்பும் பண்பும்

மன்றங்களில் கடவுச்சொல், தொலைபேசி இலக்கம், வீட்டு முகவரி, அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றை எழுதாதீர்கள். திரைப்படம் ஒன்றை இணைக்கும்போது அதில் இவை தெரிகின்றனவா எனப் பாருங்கள். உதவி செய்வதாகக் கூறிக் கடவுச்சொல்லைக் கேட்பவரிடம் தொடர்பை நிறுத்தி, பெரியவர் ஒருவரிடம் கூறுங்கள்.

சிக்கல் தீர்ந்ததும் நன்றி கூறி, எது தீர்த்தது என்பதையும் எழுதுங்கள். நீங்களே தீர்வைக் கண்டுபிடித்திருந்தாலும் அதனைப் பதிவுசெய்யுங்கள். வேறோர் ஊரில் அதே வழுச் செய்தியுடன் தனியே அமர்ந்திருக்கும் ஒரு மாணவருக்கு அந்த இரண்டு வரிகள் ஆசிரியராக அமையலாம்.

பயிற்சி வினாக்கள்

1. பயனர் குழு, உதவி மன்றம் ஆகியவற்றுக்கிடையிலான வேறுபாடு ஒன்றைக் குறிப்பிடுக.
2. 1955இல் "ஷேர்" குழு ஆரம்பிக்கப்பட்டதற்கான காரணத்தை விளக்குக.
3. "அச்சுப்பொறி இயங்கவில்லை" என்பதை உதவி மன்றத்துக்கு ஏற்ற நல்ல வினாவாக மாற்றி எழுதுக.
4. மன்றத்தில் பெற்ற விடையைப் பயன்படுத்த முன்னர் கவனிக்கவேண்டிய மூன்று விடயங்களைத் தருக.
5. உங்கள் பாடசாலையில் கணினிப் பயனர் குழு ஒன்றை அமைப்பதாயின், முதற் கூட்டத்தில் நீங்கள் கேட்க விரும்பும் ஒரு வினாவையும் நீங்கள் விளக்கக்கூடிய ஒரு விடயத்தையும் எழுதுக.