மருந்து டப்பாவைக் கொட்டிப் பாருங்கள்!

போகி வந்தால் வீட்டை ஒழிக்கிறீர்கள். கிழிந்த பாய் முதல் ஓட்டைப் பாத்திரம் வரை பரணிலிருந்து இறங்கிவிடும். ஆனால் ஃப்ரிட்ஜ் மேலே இருக்கும் அந்தப் பழைய பிஸ்கட் டின்? மாமனாரின் பிரஷர் மாத்திரை, பையனுக்கு எப்போதோ வாங்கிய இருமல் சிரப், பாதி தீர்ந்த கண் சொட்டு மருந்து... ‘காசு போட்டு வாங்கினது, கிடக்கட்டுமே, எப்பவாவது உதவும்’ என்று மூடி வைத்துவிடுவீர்கள்.

எப்படி உதவுகிறது தெரியுமா? பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் காய்ச்சல் என்றதும், மிச்சமிருக்கும் நாலு ஆன்டிபயாடிக்கைக் கொடுத்து அனுப்புகிறோம். அரைகுறையாகச் சாப்பிட்டால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் தங்கிப் பெருகும். அப்புறம் டாக்டரே கொடுத்தாலும் கேட்காது. அட்டையின் பின்புறம் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாது என்று அர்த்தம்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னும் ஆபத்து. தாத்தா சாப்பிடும் சர்க்கரை மாத்திரைகளில் சில வகை, ஒன்றே ஒன்று போதும், குழந்தையின் ரத்தச் சர்க்கரையை அபாய அளவுக்கு இறக்கிவிடும்.

நாட்டு மருந்துக்கும் நாள் உண்டு

‘சித்த மருந்துதானே டாக்டர், கெடவா போகுது?’ என்று என்னிடமே கேட்பார்கள். கெடும்! எங்கள் நூல்களில் ஒவ்வொரு வகைக்கும் ஆயுள் சொல்லியிருக்கிறது. குடிநீர், அதாவது கஷாயம், 3 மணி நேரம். சூரணம் 3 மாதம். லேகியம், நெய் 6 மாதம். எண்ணெய், மாத்திரை ஒரு வருஷம். செந்தூரம் 75 வருஷம், பற்பம் 100 வருஷம்.

உடனே, ‘தாத்தா காலத்துச் செந்தூரம் இருக்கு, சாப்பிடலாமா?’ என்று கேட்காதீர்கள். மருந்துக்கு ஆயுள் இருக்கலாம். அது உங்கள் நோய்க்கு ஏற்றதா, என்ன அளவு, எந்த அனுபானம் என்பதெல்லாம் வேறு கணக்கு. கடையில் வாங்கிய டப்பா என்றால் அச்சிட்ட தேதிதான் கணக்கு. கட்டி தட்டிய சூரணம், பூசணம் பூத்த லேகியம், சிக்கு வாடை அடிக்கும் எண்ணெய் இவற்றைத் தேதி பாக்கி இருந்தாலும் தொடாதீர்கள்.

எப்படி அப்புறப்படுத்துவது?

போகி நெருப்பில் போடவே கூடாது. மாத்திரை அட்டையின் பிளாஸ்டிக் எரிந்தால் நச்சுப் புகை வரும். ஆஸ்துமா இன்ஹேலர் குப்பி வெடிக்கும். கழிவறையில் கொட்டினால் மருந்து நீர்நிலைக்குப் போய்ச் சேரும். மார்ஃபின், ஃபென்டனில் போன்ற கடும் வலி மருந்துகளுக்கு மட்டும் விதிவிலக்கு. பிறர் கையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து என்பதால், இப்படி 17 மருந்துகளைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றலாம் என்று மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் பட்டியல் தந்திருக்கிறது.

கேரள அரசு, வீடுகளில் மிஞ்சும் மருந்தைத் திரும்பப் பெறும் திட்டத்தை 2025-இல் கோழிக்கோட்டில் தொடங்கியது. உங்கள் மருந்துக் கடைக்காரரிடமும் கேட்டுப் பாருங்கள். முடியாது என்றால் இப்படிச் செய்யலாம்:

• மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, டீத்தூள் சக்கை அல்லது மண்ணோடு கலந்து, கவரில் இறுகக் கட்டுங்கள். சிரப்பையும் இதே போல மண்ணில் கலந்துவிடலாம்.

• இன்சுலின் ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடுங்கள். குப்பை அள்ளுபவரின் கையில் குத்தக் கூடாது அல்லவா?

• தெர்மாமீட்டர் உடைந்தால் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். ஜன்னலைத் திறந்து, குழந்தைகளை வெளியே அனுப்பி, அட்டைத் துண்டால் உருண்டைகளைத் திரட்டி மூடியுள்ள பாட்டிலில் அடையுங்கள். ரசத்தைச் சுத்தி செய்து மருந்தாக்கும் வைத்தியம் எங்களுடையது. அதனாலேயே அழுத்திச் சொல்கிறேன், சுத்தி செய்யாத ரசம் நஞ்சு.

காலாவதி மருந்து, ஊசி, உடைந்த தெர்மாமீட்டர் மூன்றையும் 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் வீட்டு அபாயக் கழிவு என்று வகைப்படுத்தின. ஆகவே காய்கறிக் குப்பையோடு சேர்க்காமல், தூய்மைப் பணியாளரிடம் சொல்லித் தனியாகக் கொடுங்கள்.

எதைத் தானம் செய்யலாம்?

மிச்ச மருந்தை முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கலாமே என்று தோன்றும். நல்ல மனசுதான். ஆனால் வீட்டில் வெயிலிலும் ஈரத்திலும் கிடந்த மருந்தின் தரத்துக்கு யார் பொறுப்பு? நோயாளிக்குக் கொடுத்து மிஞ்சிய மருந்தைத் தானம் செய்யக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1996-லேயே சொல்லிவிட்டது.

கருவிகள் அப்படியல்ல. சக்கர நாற்காலி, வாக்கர், கமோட் நாற்காலி, காற்று மெத்தை, 2021 கொரோனா அலையில் அலைந்து வாங்கிய ஆக்ஸிஜன் கருவி எல்லாம் கொடுக்கலாம். ‘அம்மா உட்கார்ந்த நாற்காலி, எப்படிக் கொடுக்கறது?’ என்று மனசு தயங்கும். புரிகிறது. ஆனால் அதே தெருவில் ஒருவர், நாற்காலி வாங்க வழியில்லாமல் கட்டிலோடு கிடக்கலாம். சோப்புத் தண்ணீரில் துடைத்து, வெயிலில் காயவைத்து, பிரேக், ரப்பர் குமிழ் சரியா என்று பார்த்துக் கொடுங்கள். நெபுலைசர் என்றால் மாஸ்க், குழாய் இரண்டும் புதிதாக இருக்க வேண்டும்.

யாரிடம் கொடுப்பது? 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கே போகிறார்கள். அவர்களைக் கேளுங்கள், யாருக்குத் தேவை என்று சொல்வார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே அந்த டின்னைக் கவிழ்த்துக் கொட்டுங்கள். இப்போது சாப்பிடுபவை ஒரு பக்கம், தேதி முடிந்தவை ஒரு பக்கம், என்னவென்றே தெரியாதவை ஒரு பக்கம். முதல் குவியல் மட்டும் டின்னுக்குள் திரும்பிப் போகட்டும், அதுவும் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில்.