மொறிஸ் மைனரின் பின் அச்சு

மொறிஸ் மைனர் ஒன்றின் ஒரு பின்சில்லை மட்டும் ஜக் வைத்துத் தூக்குங்கள். முன்சில்லுகளுக்குக் கல் அணை கொடுங்கள். கியரை நியூற்றலில் விட்டு, ஹான்ட் பிறேக்கைத் தளர்த்தி, தூக்கிய சில்லைக் கையால் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பக்கத்தில் குந்தியிருப்பவர், கியர்பெட்டியிலிருந்து பின்னுக்கு வரும் நீண்ட தண்டு எத்தனை முறை சுழல்கிறது என்று எண்ணட்டும். நாலரைக்குச் சற்று மேல் வந்தால் அது 948 சிசி காலத்து அச்சு. நாலேகாலுக்குச் சற்றுக் குறைவாக வந்தால் 1962க்குப் பிறகு வந்த 1098 சிசி காரின் அச்சு. பின் அச்சுக்குச் சாமான் தேடப் புறப்படுகிறவர் முதலில் செய்யவேண்டிய வேலை இதுதான்.

சில்லை ஏன் இரண்டு சுற்றுச் சுற்றவேண்டும்? மற்றச் சில்லு நிலத்தில் ஊன்றி நிற்பதால், நீங்கள் சுற்றுவதில் பாதிதான் நடுவில் உள்ள பெரிய பல்சக்கரத்துக்குப் போகிறது. இரு பக்கச் சுழற்சியின் சராசரியையே அது எடுத்துக்கொள்ளும். டிபரென்சியல் என்ற பொறியின் முழு இரகசியமும் இந்தச் சராசரியில் இருக்கிறது. கார் ஒரு நேர்கோணத் திருப்பத்தில் திரும்பும்போது, மைனரின் அகலத்துக்கு, வெளிச்சில்லு உட்சில்லைவிட ஏறக்குறைய இரண்டு மீற்றர் கூடுதலாக ஓடவேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் ஒரு ரயர் தெருவில் தேய்ந்துதான் திரும்பும். நடுவில் உள்ள சிறு பற்சக்கரங்கள் அந்த இரண்டு மீற்றரில் ஒரு பாதியை ஒரு பக்கத்தில் கழித்து, மறுபாதியை மறுபக்கத்தில் கூட்டிவிடுகின்றன.

மைனர் 1948இல் லண்டன் கண்காட்சியில் வெளிவந்தது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. இலங்கையில் அதன் ஓட்டம் நின்றுவிடவில்லை. 1977 வரை இருந்த இறக்குமதிக் கட்டுப்பாடு, வந்த கார்களைத் திருத்தித் திருத்தி ஓடவைத்தது. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் தடைப்பட்ட காலத்தில், இந்தத் தலைமுறைக் கார்கள்தான் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்யப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றபோது, பின்வளவில் கோழி அடைந்திருந்த மைனர்களைப் பலரும் திரும்பிப் பார்த்தார்கள்.

திருகோணமலையில் அந்த அச்சுக்கு முதல் எதிரி உப்புக்காற்று. துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் நின்ற கார் என்றால், அச்சை ஸ்பிரிங் பட்டைகளோடு பிணைக்கும் யூ-போல்ட்டுகள் துருவில் கரைந்திருக்கும். அவற்றைக் கழற்ற நினைக்காமல் வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போடுவதே புத்தி. லேத் பட்டறையில் அளவு கொடுத்தால் வளைத்துத் தருவார்கள். இன்னொரு சிறிய சாமானை யாரும் கவனிப்பதில்லை. அச்சுக்கூட்டின் மேல் உள்ள மூச்சுத் துளை அது. சேறும் துருவும் அதை அடைத்தால், ஓடிச் சூடேறிய கூட்டுக்குள் அமுக்கம் கூடி, ஒயில் சீல் வழியாகக் கசிந்து பிறேக் கட்டைகளை நனைக்கும். ஒயில் சீலை மூன்று முறை மாற்றியும் கசிவு நிற்காத ஒரு காரில், ஒரு மெக்கானிக் மெல்லிய கம்பியால் அந்தத் துளையைக் குத்தித் திறந்ததை நான் கிட்ட நின்று பார்த்தேன். ‘புஸ்’ என்று காற்று வந்தது. வியாதி அதுதான்.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. இடப்பக்கச் சில்லின் ஹப் நட்டுக்கு இடப்புரி. வழக்கம்போலத் திருப்பினால் இன்னும் இறுகும். பலரும் சுத்தியலால் அடித்து அச்சுக்கூட்டின் புரியையே கெடுப்பது இந்த இடத்தில்தான். அச்சுத் தண்டை வெளியே இழுத்ததும் அதன் உள்முனைப் பல்வரிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வரிகள் நேராக ஓடவேண்டும். கயிறுபோல முறுகியிருந்தால் அந்தத் தண்டு முறியக் காத்திருக்கிறது. அதை மறுபடி போடாதீர்கள்.

இனிப் பல்சக்கரங்கள். கிறவுண் வீல் என்ற பெரிய சக்கரமும் பினியன் என்ற சிறியதும் தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்துச் சோடி சேர்க்கப்பட்டவை. 948 சிசி காரில் 41க்கு 9 பற்கள், 1098இல் 38க்கு 9. பினியன், கிறவுண் வீலின் நடுக்கோட்டுக்குக் கீழே அமைந்திருக்கும். ஹைப்பொயிட் என்ற இந்த அமைப்பை 1926இல் அமெரிக்காவின் பக்கார்ட் கார் சாலைக்குக் கொண்டுவந்தது. இதில் பற்கள் உருள்வதோடு வழுக்கவும் செய்யும். ஆகவே சாதாரண எஞ்சின் ஒயில் தாங்காது. 90 தடிப்புள்ள ஹைப்பொயிட் ஒயிலே வேண்டும். ஏறக்குறைய ஒரு லீற்றர்தான் பிடிக்கும். அந்த ஒரு லீற்றரில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

பூட்டும்போது பற்களில் புரூசியன் நீலச் சாந்தை மெல்லப் பூசிச் சுற்றுவார்கள். நீலம் அழிந்த தடம் பல்லின் நடுவே நிற்கவேண்டும். ஓரத்துக்கு ஓடினால் மெல்லிய தகட்டு வளையங்களைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்வார்கள். இரண்டு சக்கரங்களுக்கிடையே எவ்வளவு தளர்ச்சி இருக்கவேண்டும் என்பது கிறவுண் வீலின் பின்புறத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். இந்த வேலையில் அவசரப்பட்டவரின் கார் காலமெல்லாம் ஊளையிடும்.

சாமான் எங்கே கிடைக்கும்? கொழும்புப் பஞ்சிகாவத்தைதான் பெரிய சந்தை. திருகோணமலையிலிருந்து ஏறக்குறைய 260 கிலோமீற்றர். வெறும் கையோடு போனால் வீண்பயணம். பெயாரிங்கைக் காரின் பெயர் சொல்லிக் கேட்காமல், அதன் விளிம்பில் உள்ள எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஒயில் சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு என்ற மூன்று அளவும் போதும். ஒஸ்டின் ஏ35 காரின் டிபரென்சியல் நடுப்பகுதி மைனர் 1000 கூட்டில் பொருந்தும். அதன் அச்சுத் தண்டு குட்டை, பொருந்தாது. எம்ஜி மிட்ஜெற்றும் இதே குடும்பம். இந்த உறவுமுறை தெரிந்தவருக்குச் சந்தை இரட்டிப்பாகிறது.

உங்கள் வளவில் பழைய மைனர் அச்சு ஒன்று கிடந்தால், கிலோக் கணக்கில் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். கிறவுண் வீலையும் பினியனையும் பிரிக்காமல், ஒயில் பூசி, ஒன்றாகக் கம்பியில் கட்டி, பற்களை எண்ணி ஒரு துண்டில் எழுதி வையுங்கள். தேடி ஒருவர் வருவார்.