பெட்டிமுடிக்கு எட்டாத எச்சரிக்கை
மலைத் தோட்டங்களுக்குக் கைப்பேசி காவலாகுமா?

மூணாறை அடுத்த ராஜமலைப் பகுதியில், பெட்டிமுடி என்னும் இடத்தில், 2020 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 ஆம் தேதி இரவு பத்தே முக்கால் மணி அளவில் மலை சரிந்தது. நயமக்காடு எஸ்டேட்டைச் சேர்ந்த நான்கு லயங்கள் மண்ணோடு மண்ணாயின. 70 பேர் மாண்டனர். அவர்களில் நால்வரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. மாண்டவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு.

அன்று அங்கே மின்சாரம் இல்லை. கைப்பேசித் தொடர்பும் இல்லை. மலை சரிந்த சேதி மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்கு எட்டியது. பெரியவாரைப் பாலம் வெள்ளத்தில் போய்விட்டதால், மீட்புப் படையினர் போய்ச் சேரவும் தாமதமாயிற்று. ஒரே நாளில் 600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்ததாகப் பதிவாகியிருக்கிறது. வானிலைத் துறையின் கணக்குப்படி ஒரு நாளில் 204.4 மில்லிமீட்டரைத் தாண்டினாலே அது 'அதி கனமழை'. அதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு!

இந்த மலைக்கு இது புதிதல்ல. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கலாம். தேயிலைப் பெட்டிகளை அது டாப் ஸ்டேஷனில் சேர்க்கும். அங்கிருந்து கயிற்றுப் பாதை வழியே அவை போடி பக்கம் கோட்டகுடிக்கு இறங்கும். 1924 ஆம் ஆண்டு வெள்ளத்தில், மலையாளக் கணக்கில் 'தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்' எனப்படுவதில், அந்த ரயில் பாதை அழிந்தது. மறுபடி போடப்படவே இல்லை.

மண்ணுக்குள் ஒரு காவல்காரன்

மூணாறு அந்தோணியார் காலனியில் 2005 ஆம் ஆண்டு நிலச்சரிவு ஏற்பட்டது. அதன் பிறகு அமிர்தா பல்கலைக்கழகத்தார் அங்கே மண்ணுக்குள் துளையிட்டு உணர்கருவிகளைப் புதைத்தார்கள். 2009 ஆம் ஆண்டு முதல் அவை வேலை செய்து வருகின்றன. மழை பெய்யப் பெய்ய, மண்ணின் இடுக்குகளில் நீர் புகுந்து அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் மண்ணின் பிடிப்பு தளரும். ஒரு கருவி அந்த அழுத்தத்தை அளக்கிறது. இன்னொன்று மண் இம்மியளவு சாய்ந்தாலும் காட்டிக் கொடுக்கிறது. மற்றொன்று அதிர்வைக் கேட்கிறது. இத்தனையும் கம்பியில்லாமல், செயற்கைக்கோள் வழியே, கொல்லம் மாவட்டத்து அமிர்தபுரிக்குப் போய்ச் சேருகின்றன.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு சரிவுக்கே இத்தனை துளைகள், இத்தனை கருவிகள் என்றால், இடுக்கி மாவட்டத்து மலைச் சரிவுகள் எல்லாவற்றிலும் வைத்து முடிவது எப்போது? பெட்டிமுடியில் அவ்வாறு எதுவும் இல்லை.

செலவு குறைந்த வழியும் இருக்கிறது. வயநாட்டில் கல்பெட்டாவைச் சேர்ந்த ஹியூம் மையத்தார் இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் மழைமானிகளை வைத்து, அங்கங்கே உள்ளவர்கள் அனுப்பும் அளவுகளைக் கைப்பேசி வழியே திரட்டுகிறார்கள். 2024 ஜூலை 30 அன்று முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகள் அழிவதற்கு முதல் நாளே அவர்கள் எச்சரித்திருந்தார்கள். அந்த எச்சரிக்கை வீடு வீடாகப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. தேயிலைத் தோட்டங்களில் ஆபீசில் மழைக் கணக்கு எழுதுவது வெள்ளைக்காரன் காலத்துப் பழக்கம். அதைக் காலையில் ஒரு முறை எழுதி மூடி வைக்காமல், அடைமழை நாட்களில் மூன்று மணிக்கு ஒரு தரம் பார்த்து, உரியவருக்குக் கைப்பேசியில் சொன்னால் என்ன?

எந்த மொழியில்?

2023 அக்டோபர் 31 அன்று கேரளத்தில் கைப்பேசிகள் திடீரென்று அலறியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அது ஒரு சோதனை. சாதாரணக் குறுஞ்செய்தி எண் வாரியாகப் போவது, நெரிசலில் தேங்கும். இது அப்படியல்ல. ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் கைப்பேசிகள் அனைத்துக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். நம் எண் எவரிடமும் இருக்க வேண்டியதில்லை.

ஆனால் அபாயச் செய்தி படிக்கத் தெரிந்த மொழியில் வரவேண்டாமா? தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களிலும், பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவிலும் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள், குறிப்பாக வயதானவர்கள், நிறையப் பேர் உண்டு. 1969 ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் கடிதம் எழுத உரிமை தந்திருக்கிறது. மனுவுக்குத் தமிழ் உண்டென்றால் உயிருக்கும் தமிழ் வேண்டும். எந்தக் கோபுரத்துக்கு எந்த மொழி என்று முன்கூட்டியே குறித்து வைப்பது அதிகாரிகளுக்குப் பெரிய காரியமல்ல.

சித்தூர்ப் பக்கத்துக் கதையே வேறு. அங்கே அழிப்பது மழையல்ல, மழையில்லாமை. கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி விவசாயிகள் பரம்பிக்குளம்–ஆழியாறு தண்ணீரை எதிர்பார்த்தே விதைக்கிறார்கள். 2019 ஆம் ஆண்டு வெளிவந்த 'மேகதூத்' என்ற செயலி, செவ்வாய், வெள்ளிகளில் மாவட்ட வாரியாக வானிலையும் பயிர் யோசனையும் தர ஏற்பட்டது. பாலக்காடு மாவட்டம் முழுமைக்கும் ஒரே யோசனை என்றால், நெல்லியாம்பதிக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் எப்படிப் பொருந்தும்? ஒன்று மழைக்காடு, மற்றது பனங்காடு.

கதவைத் தட்டுபவர் யார்?

மழைக்காலத்தில் ரயில்வேயில் இரவு ரோந்து உண்டு. மண் சரியக்கூடிய வெட்டுப் பாதைகளில் ஆள் நிறுத்துவார்கள். விளக்கும் வெடியும் அவன் கையில் இருக்கும். வயர்லெஸ்ஸும் கைப்பேசியும் வந்த பிறகும் அந்த ஆளை எடுத்துவிடவில்லை. 1970 ஆம் ஆண்டுப் புயலில் லட்சக்கணக்கில் மக்களைப் பறிகொடுத்த வங்காள தேசமும், ரேடியோச் செய்தியோடு நிற்காமல், ஊருக்கு ஊர் தொண்டர்களிடம் ஒலிபெருக்கியைக் கொடுத்துத் தெருவில் இறக்கியது. பின்னர் வந்த புயல்களில் சாவு வெகுவாகக் குறைந்தது.

எஸ்டேட்டிலும் அதுவே வேண்டும். அடைமழையில் மின்சாரம் போனால், பாட்டரி தீர்ந்ததும் கைப்பேசிக் கோபுரம் ஊமையாகிவிடும். எனவே கோபுரத்துக்கு நாள் கணக்கில் தாங்கும் பாட்டரியோ ஜெனரேட்டரோ வேண்டும். அதுவும் போனால் அடிக்கத் தொழிற்சாலைச் சங்கு இருக்கிறது. ஒவ்வொரு லயத்துக்கும் ஒருவர் பொறுப்பேற்று, இரவு எந்நேரமானாலும் கதவைத் தட்ட வேண்டும். எழுப்பியவர்களை எங்கே கொண்டுபோவது, பள்ளிக்கூடமா, கோயிலா, மேட்டு டிவிஷன் லயமா என்பதை ஜூன் பிறக்கும் முன்பே தோட்ட நிர்வாகமும் பஞ்சாயத்தும் உட்கார்ந்து பேசி, மஸ்டர் போடும் இடத்தில் தமிழில் எழுதி ஒட்டிவிட வேண்டும்.