சனிக்கிழமை வகுப்பு சொன்ன சேதி

"சனிக்கிழமையாவது வீட்டு வேலைக்கு ஒத்தாசையாக இருக்கக் கூடாதா?" என்று அலுத்துக்கொண்டவள்தான் நானும். கடத்தூரில் எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் திண்ணையில் அறிவியல் வகுப்பு நடத்துகிறார். ஏழாவது படிக்கும் என் மகள் அங்கே போகிறாள். முதல் வாரம் மஞ்சள் தடவிய தாளில் சோப்புத் தண்ணீர் விட்டுச் சிவக்க வைத்தாள். "இதுதானா அறிவியல்?" என்று சிரித்தேன்.

ஒருநாள் போர் தண்ணீரைக் குடிக்கக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். "அம்மா, கொதித்தால் கிருமிதான் சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும்" என்றாள். தூக்கிவாரிப் போட்டது! பெரியவன் பல்லில் பழுப்புக் கறை. ஒழுங்காகத் துலக்கவில்லை என்று எத்தனை நாள் திட்டியிருப்பேன்!

நம் தருமபுரி மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பல்லில் கறை விழும். மிக அதிகமானால் நாளடைவில் எலும்பும் கெடும். 2013-ல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். இப்போது எங்கள் வீட்டில் குடிக்க, சமைக்க ஒகேனக்கல் தண்ணீர். துணி துவைக்கத்தான் போர் தண்ணீர்.

சகோதரிகளே, உங்கள் ஊரில் இப்படி வகுப்பு இல்லையா? தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-ல் தொடங்கிய 'துளிர்' இதழை வாங்கி, நாலு தாய்மார் சேர்ந்து திண்ணையில் ஆரம்பியுங்கள். முதல் பாடத்துக்கு மஞ்சளும் சோப்பும் போதும்.