ஆறு வயதில் முளைக்கும் பல்

'பல் போனால் சொல் போச்சு' என்பர் நம் பெரியோர். பால் பல் என்றெண்ணி நிலையான பல்லை இழக்கும் சிறாரும் நம்மிடையே உளர். அத்தகைய மாணவி ஒருத்தியுடன் சென்ற ஆண்டு ஈப்போவிலுள்ள பல் மருத்துவ நிலையம் ஒன்றுக்குச் செல்ல நேர்ந்தது.

அவளுக்கு வயது ஒன்பது. கன்னம் வீங்கியிருந்தது. கிராம்பும் உப்பு நீரும் பயன் தரவில்லை. "பால் பல்தானே டாக்டர், விழுந்தா முளைச்சிடுமே" என்றார் தாயார். மருத்துவர் சிறு கண்ணாடியை வாயினுள் வைத்துப் பார்த்தார். "இல்லையம்மா, இது போனால் மறுபடி முளைக்காது" என்றார்.

பால் பற்கள் இருபது. அவை விழுந்த இடத்தில் வேறு பற்கள் முளைக்கும். ஆயின் ஏறத்தாழ ஆறு வயதில், பால் பற்களுக்குப் பின்புறமாக, எந்தப் பல்லும் விழாமலே மேலும் கீழுமாய் நான்கு கடைவாய்ப் பற்கள் எழுகின்றன. இவையே ஆயுள் முழுவதற்கும் உரியவை. எதுவும் விழாமல் முளைப்பதால் பெற்றோர் இவற்றையும் பால் பற்கள் என்றே கருதிவிடுகின்றனர். இவற்றின் மேற்பரப்பிலுள்ள ஆழ்ந்த பள்ளங்களில் இனிப்பு தங்கும். வாயிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை அமிலமாக்கும். நம் உடலிலேயே மிகக் கடினமான பொருளாகிய எனாமல் என்னும் மேற்பூச்சையும் அவ்வமிலம் அரித்துவிடும். விடியுமுன் பெரட்டுக்குப் புறப்பட்ட நாளில் பிள்ளைகளுக்கு டின் பால் தேநீர் கொடுத்துப் பழகினோம். தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபெயர்ந்த பின்னும் அப்பழக்கம் நம்மை விடவில்லை.

வீக்கம் வடிய மருந்து கொடுத்து, சில நாள் கழித்துப் பல்லை எடுத்தனர். சிறுமி அஞ்சியது ஊசிக்கே. மரத்துப்போன பின் அழுத்தத்தை உணர்ந்தாளேயன்றி வலியை உணரவில்லை. பஞ்சைக் கடித்தவாறு அமர்ந்திருந்தாள். அன்று வாயைப் பலமாகக் கொப்பளிக்கலாகாது என்றனர்; குழியில் உறையும் இரத்தமே புண்ணை ஆற்றுமாம்.

"முன்னமே வந்திருந்தா?" என்று தாயார் கேட்டார். அடைத்திருக்கலாம் என்பதே விடை.

நாம் தலைகுனிந்தோம். நியூசிலாந்து முறையைப் பின்பற்றி 1949இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கிற்று. பள்ளிப் பிள்ளைகளின் பற்களைப் பேணுவதே அத்தாதியரின் பணி. அரசாங்கப் பல் மருத்துவக் குழு நம் பள்ளிக்கும் வருகிறது; கட்டணம் இல்லை. பெற்றோரின் கையொப்பம் மட்டுமே வேண்டும். இம்மாணவியின் தாள் கையொப்பமின்றித் திரும்பியிருந்தது. அது மலாயில் இருந்தது; பல்லைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பாட்டி அஞ்சினாராம். அத்தாளை விளக்கிச் சொல்லாதது நம் குறையே.

மறுவாரம் தாயார் ஒப்பமிட்ட தாளொன்றைத் தாமே கொண்டுவந்தார். அது முதலாம் ஆண்டில் பயிலும் தம்பியினுடையது. குழுவினர் வந்தபோது அவனுடைய நான்கு புதிய பற்களின் பள்ளங்களையும் மெல்லிய பூச்சால் மூடினர். ஊசி போடவில்லை என்று வகுப்பெங்கும் சொல்லித் திரிந்தான்.